பட்டியலில் மூன்றாவது

"உன் தப்பு இல்லம்மா" என்று ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து சொன்னால், கேட்பவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். லிஃப்ட்டக்காவுக்கு அதைக் கேட்கக் கேட்க ஏழு வாயிலும் துணியை வைத்து அடைக்கலாமா என்றிருந்தது. ஐந்து வாரமாக இதே பல்லவி. திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணி, மனநலப் பிரிவின் இரண்டாம் மாடி. யாரும் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய கனமான நாற்காலிகள். அதில் உட்கார்ந்து அவள் ஒரே விஷயத்தைச் சொன்னாள், ஒரு மனுஷன் செத்ததற்கு நான் காரணம் என்று. அவர்கள் இல்லை என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள், அதுதான் இன்னும் எரிச்சல்.

அவள் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. இருபது வருஷ சர்வீஸ். உள்ளங்கையில் கிரீஸ் ஏறிப்போன ரேகைகள் இன்னும் அழியவில்லை. வார்டில் யாரோ லிஃப்ட்டக்கா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

குழுவை நடத்துகிறவர் கவுன்சிலர் அம்மா. ஃபேனைப் போட்டால் பாதி காதில் விழாத குரல். யாராவது மாடிப்படியில் உருண்டு விழுந்தால்கூட, விழுந்ததைப் பற்றி உங்களுக்கு என்ன தோணுது என்று கேட்கிற ரகம். லிஃப்ட்டக்காவுக்குப் பக்கத்தில் டியூஷன் டீச்சர் உட்காருவார். வெளியே வரப் பயந்து நாலு மாதம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவர். எதிரில் பஸ் கண்டக்டர். கை கழுவிக் கழுவியே விரல் தோல் உரிந்து வந்தவர். அவரை ஒட்டி ரெக்கார்டுக்காரர். கோர்ட்டு ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் கட்டுகளை அடுக்கிவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே சாப்பிடுவதை நிறுத்திவிட்ட மனுஷன். குழுவில் அவர் பேசியே யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் "உன் தப்பு இல்லம்மா" சொல்லும்போது அவர் மட்டும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நடந்தது இதுதான்.

லிஃப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, உயிரோடு வீடு திரும்ப நினைக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குகிறவர் முதலில் மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. போட்டவர்தான் எடுக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் அறுக்க நேர்ந்தால், பூட்டுக்காரர் வெளியே நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும். போனில் கேட்டது செல்லாது. அடுத்தவர் பார்த்ததாகச் சொன்னதும் செல்லாது.

மீசைக்காரர் அவளோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். அவர் பூட்டில் அவருடைய மகள் ரோஸ் நிற நகப்பூச்சால் ஒரு பூ வரைந்து கொடுத்திருந்தாள். கம்பெனியே கேலி செய்தது. என் பூட்டை எவனும் மாத்தி எடுக்க மாட்டான்ல என்று அவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

அன்று பதினோரு மாடிக் கட்டிடம். மீசைக்காரர் பூட்டை மாட்டிவிட்டுக் குழிக்குள் போனார். குழிக்குள்ளேயே ஓர் அவசர சுவிட்ச் இருக்க வேண்டும். அது கெட்டுப்போய் இரண்டு மாதம். மாற்றச் சொல்லி லிஃப்ட்டக்காவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். யாரிடம்? சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசர் யார்? அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்.

மொட்டை மாடியில் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவளுக்கு அண்ணன் போன் செய்தான். மீசை சாப்பிடப் போயாச்சு, பூட்டை எடுக்க மறந்துட்டான், கட்டிடத்துக்காரன் என் கழுத்தில் உட்கார்ந்திருக்கான், அறுத்துட்டு ஆன் பண்ணு என்றான். நீ பாத்தியாண்ணே என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். கீழே போய்ப் பார்ப்பதென்றால் பதினோரு மாடி இறங்கி மறுபடி ஏற வேண்டும். அன்று முழங்கால் வலி. அவள் போகவில்லை. பெரிய கட்டரால் பூட்டை அறுத்தாள், அறுத்த பூட்டை வேலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள், சுவிட்சைப் போட்டாள். கரன்ட் வந்ததும் லிஃப்ட் தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கும். இறங்கியது.

மீசைக்காரர் சாப்பிடப் போயிருக்கவில்லை.

கம்பெனி அறிக்கையில் "பூட்டு மாட்டாமல் இறங்கியதால், ஊழியரின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். எழுதியவன் அண்ணன். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் பேசிக்கறேன், நீ சும்மா இரு என்று அவன் சொன்னான், இருந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். பத்தாவது நாள் அவள் கைகளில் கரன்ட் ஓட ஆரம்பித்தது.

அது நிஜமாகவே நோய்தான். அதில் அவளுக்கே சந்தேகம் கிடையாது. தன் கை பட்டால் ஆட்கள் செத்துவிடுவார்கள் என்று ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். தெருக் குழாய்களில் தண்ணீர் வராமல் போனதற்கும் தான்தான் காரணம் என்று வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, குளிப்பது போயிற்று. வேலைக்குப் போட்டுப் போன கோட்டைக் கழற்றாமல் அதிலேயே கிடந்தாள். அண்ணன் கூட்டிவந்து சேர்த்தான். சேர்ந்த இரண்டு நாள் அவள் நினைவிலேயே இல்லை.

பெரிய டாக்டர் பொறுமைசாலி, நல்ல மனிதர். எல்லாவற்றையும் பட்டியல் போடுகிறவர். அவள் கோப்பின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தார். கைகளில் மின்சாரம் ஓடுவதான நம்பிக்கை. குழாய்கள் வற்றியதற்குத் தானே காரணம் என்ற நம்பிக்கை. சக ஊழியரைத் தானே கொன்றதான நம்பிக்கை. மூன்றாவது வாரம் மருந்து வேலை செய்தது. ஒரு காலையில் கையுறையைக் கழற்றி, நர்ஸின் கையைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று அவள் அழுதாள். டாக்டர் முதல் வரியில் டிக் அடித்தார். அடுத்த வாரம் இரண்டாவதிலும் டிக் அடித்தார். மூன்றாவது மட்டும் அசையவில்லை. பிடிவாதமான நம்பிக்கை என்று எழுதி மாத்திரையைக் கூட்டினார். கை நடுங்கியது, நாக்கு வறண்டது, மூன்றாவது போகவில்லை. உண்மையை மாத்திரை கரைக்காது என்பது அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பார்க்க வந்தான். நாற்பத்தியொரு வயதுத் தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. இளைச்சிட்டே பாப்பா என்றான். தலையைத் தடவினான். போகிற போக்கில், எல்லாம் வெள்ளிக்கிழமையோடு முடிஞ்சிடும், விசாரணை அதிகாரி ஃபைலை மூடிடுவார், அப்புறம் எல்லாருக்கும் நிம்மதி என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான்.

எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று கேட்க அவளுக்கு அப்போது நாக்கு எழவில்லை. அவன் போன பிறகு எழுந்தது. வெள்ளிக்கிழமை ஃபைலை மூடினால், மீசைக்காரர் பூட்டு மாட்ட மறந்த முட்டாள் என்று எழுதி முத்திரை குத்திவிடுவார்கள். அவருடைய மனைவியும் மகளும் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டு வாழ வேண்டும். அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் இங்கே மனநோயாளி, அவள் சொல்வதுதான் நோய்.

பொய் சொல்லி வெளியே போய்விடலாமா என்றும் யோசித்தாள். நான் எதையும் அறுக்கவில்லை, எல்லாம் கற்பனை என்று சொன்னால் வியாழக்கிழமையே அனுப்பிவிடுவார்கள். கண்டக்டரிடம் கேட்டாள். அவர் மூன்று முறை உள்ளே வந்து போனவர், இந்த ரூட் அவருக்கு அத்துப்படி.

"வெளிய போய் அறுத்தேன்னு சொன்னீங்கன்னா, மறுபடி வந்துடுச்சுன்னு அடுத்த வண்டியில கூட்டிட்டு வந்துடுவாங்க" என்றார். "கற்பனைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டது வேற ஃபைல்ல இருக்கும்."

திங்கட்கிழமைக் குழுவில் கவுன்சிலர் அம்மா ஒரு தாளோடு வந்தார். நடுவில் கோடு. இடப்பக்கம் நம்பிக்கைக்கு ஆதரவான ஆதாரம், வலப்பக்கம் எதிரான ஆதாரம். வலப்பக்கத்தை அவரே அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். அண்ணன் உறுதியாக மறுக்கிறார். கம்பெனி அறிக்கையில் பூட்டு இல்லை. நோயாளி அந்தச் சமயம் சரியாகத் தூங்கவில்லை. இடப்பக்கம் வெள்ளையாக இருந்தது. இதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோணுது என்று கேட்டார்.

தோன்றியதைச் சொன்னால் காது தாங்காது. லிஃப்ட்டக்கா தாளை வாங்கினாள், நாலாகக் கிழித்தாள்.

"அறிக்கை எழுதினதும் எங்கண்ணன். மறுக்கிறதும் எங்கண்ணன். ஒரே ஆள ரெண்டு வரியில எழுதி வச்சிருக்கீங்க" என்றாள். "அஞ்சு வாரமா இங்க கத்தறேன். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, எந்தக் கட்டிடம்னு கேட்டீங்களா? எத்தனை மணிக்குன்னு கேட்டீங்களா? எனக்கு எப்படி இருக்குன்னு மட்டும்தான் கேக்கறீங்க. எனக்கு எப்படி இருந்தா என்ன, செத்தது அவரு."

டியூஷன் டீச்சர் பயத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க தப்பு இல்லக்கா என்றார். லிஃப்ட்டக்கா கையை உதறினாள். அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். கோப்பில் "கோபம் அதிகரித்துள்ளது" என்று ஒரு வரி சேர்ந்தது, சாயங்காலம் ஒரு மாத்திரையும் சேர்ந்தது. கோபத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒரு கரகரப்பான குரல் கேட்டது. ரெக்கார்டுக்காரர். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகப் பேசுகிறார்.

"தாளக் கிழிச்சது தப்பு. வெத்துப் பக்கத்த நிரப்பியிருக்கணும்."

எதை வைத்து நிரப்ப என்று அவள் சீறினாள். அவர் அசரவில்லை. முப்பது வருஷமாக இதைவிடப் பெரிய சீற்றங்களையெல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்தவர். உங்க அண்ணன் வார்த்தைக்கு எதிரா உங்க வார்த்தை, அது ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு போயிடும், அதுலயும் நீங்க உள்ளே இருக்கறவங்க என்றார்.

"பொருள் வேணும். அறுத்த பூட்டு எங்க?"

கோட்டுப் பையில் போட்டது நினைவிருக்கிறது என்றாள். பிறகு அண்ணன்தான் வீட்டையே புரட்டி எல்லாவற்றையும் எடுத்துப் போனான், அதையும் எடுத்திருப்பான்.

"கோட்டு எங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், வாய் அப்படியே நின்றது. வீட்டில் அந்தக் கோட்டை அவள் கழற்றவே இல்லை. போட்டுக்கொண்டுதான் படுத்தாள், போட்டுக்கொண்டுதான் கிடந்தாள். அப்படியானால் இங்கே வரும்போதும் அவள் உடம்பில்தான் இருந்திருக்க வேண்டும்.

வார்டுக்கு வருகிறவர்களின் பொருட்களை அன்றே கழற்றி எடுத்து, ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் எழுதி, கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்கி, பையில் கட்டி ஸ்டோரில் வைப்பது வழக்கம். ஊசி, கத்தி, பெல்ட், கயிறு எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. அதைச் செய்கிறவர் பெரிய சிஸ்டர். ஒரு ஹேர்பின்னைக்கூட விடாமல் எழுதுகிறவர் என்று வார்டே அவரைக் கண்டால் நடுங்கும். வீட்டுக்குப் போகும்போதுதான் பையைத் தருவார், நடுவில் கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமைக் குழுவில் கவுன்சிலர் அம்மா ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ரெக்கார்டுக்காரர் கையைத் தூக்கினார். வகுப்பில் பையன் தூக்குகிற மாதிரி நேராகத் தூக்கினார். கவுன்சிலர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், ஐந்து வாரமாகப் பேசாதவர் பேசப்போகிறார் என்று. சொல்லுங்க, உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க என்றார்.

"என் மனசுல ஒண்ணுமில்ல. இந்தம்மா வந்த அன்னிக்கு எழுதின பொருள் பதிவேட்டக் கொண்டு வரச் சொல்லுங்க. இடப்பக்கத்துல ஒரு வரி எழுதணும்."

அது குழுவின் நோக்கத்துக்கு உட்பட்டதில்லை என்று கவுன்சிலர் அம்மா இழுத்தார். கண்டக்டர், பாத்தா என்னம்மா குறைஞ்சு போயிடும் என்றார். திங்கட்கிழமை அழுத டியூஷன் டீச்சர் எழுந்து நின்றார். சாப்பாட்டு ஹாலுக்குக்கூடத் துணை கேட்கிற அந்த அம்மாள், நான் போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வரேன் என்று தனியாகக் கதவைத் திறந்துகொண்டு போனார். கூட்டிக்கொண்டும் வந்தார்.

பெரிய சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேண்டா வெறுப்பாகப் பக்கத்தைப் புரட்டினார். தேதியைப் படித்தார். நீல நிறக் கோட் ஒன்று, கிரீஸ் கறையுடன். ரப்பர் கையுறை ஒரு ஜோடி. டெஸ்டர் ஒன்று. சில்லறைச் சாவி மூன்று. அடுத்த வரியில் அவர் குரல் கொஞ்சம் மெதுவாகியது.

"பித்தளைப் பூட்டு ஒண்ணு. வளையம் அறுந்தது. மேல ரோஸ் கலர் நகப்பூச்சுல பூ."

கீழே யாரோட கையெழுத்து என்று ரெக்கார்டுக்காரர் கேட்டார். சிஸ்டர் படித்தார். உறவுமுறை: அண்ணன். அன்று படிக்காமல் போட்டிருக்கிறான், எல்லாரையும் போலத்தான்.

கவுன்சிலர் அம்மா, ஒருவேளை அவங்க நோயோட வேகத்துல எங்கேயோ கிடந்த பூட்டை எடுத்து என்று ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வார்டுல இத்தனை வருஷத்துல பூட்ட அறுக்கற நோய் ஒருத்தருக்கும் வந்ததில்ல" என்றார். "நான் டாக்டர்கிட்டப் பேசறேன்."

வியாழக்கிழமை குடும்பச் சந்திப்பு. சின்ன அறை, ஒரு மேஜை, நாலு நாற்காலி. டாக்டர், கவுன்சிலர் அம்மா, அண்ணன், அவள். மேஜை மேல் பிளாஸ்டிக் பையில் பூட்டு. அண்ணன் உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தான். அதற்கப்புறம் அதைத் தவிர அறையில் எல்லாவற்றையும் பார்த்தான்.

இது அந்த இறந்தவருடைய பூட்டா என்று டாக்டர் கேட்டார். அண்ணன், எங்க கம்பெனியில பூட்டு ஆயிரம் இருக்கும் சார் என்றான். பூ வரைஞ்ச பூட்டு எத்தனை இருக்கும் என்று டாக்டர் கேட்டார்.

டாக்டர் கோப்பைத் திறந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, நாங்க குடும்பத்தக் கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டோம், அது வழக்கமான முறை, இந்த இடத்துல அது தப்பாப் போயிடுச்சு, மன்னிச்சிடுங்க என்றார். மன்னிப்புக் கேட்கிற டாக்டரை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். ஆனாலும் அவளுக்கு மனசு இரங்கவில்லை.

"கொலைய மறைக்கறவன்கிட்டயே போய் கொலை நடந்துச்சான்னு கேட்டிருக்கீங்க டாக்டர். அவன் இல்லன்னதும் எனக்கு மாத்திரை குடுத்தீங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வரியை அடித்தார். டிக் போடவில்லை, குறுக்கே கோடு கிழித்தார். இவருக்கு இப்போது தெளிவான மனநிலை, வாக்குமூலம் தரத் தகுதியானவர் என்று விசாரணை அதிகாரிக்கு இன்றே கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். பூட்டைப் பற்றியும் எழுதுவதாகச் சொன்னார்.

அப்போதுதான் அண்ணனுக்கு உயிர் வந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"பாப்பா, கொஞ்சம் யோசி. நீ நோயாளியா இருக்கற வரைக்கும் உம்மேல ஒரு கேசும் வராது. அதுக்காகத்தான் உன்ன இங்கயே வச்சிருந்தேன். நான் சொன்னேன்னு நீ சொல்லலாம், ஆனா அறுத்த கை உன் கைதான். ஜெயிலுக்குப் போவியா? அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? உன்னக் காப்பாத்தத்தான் இவ்வளவும் பண்ணினேன்."

அதில் பாதி உண்மையும் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் தெருநாய் துரத்தினால் அவளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிற அதே அண்ணன்தான் இவன்.

"என்னக் காப்பாத்தலண்ணே. என்ன முன்னால நிறுத்தி, நீ பின்னால ஒளிஞ்சிக்கிட்ட" என்றாள். "அறுத்த கை என் கைதான். நானே சொல்றேன், நானே சொல்லத்தான் அஞ்சு வாரமாக் கத்தறேன். கீழ போய்ப் பாக்காதது என் தப்பு. பாத்தேன்னு பொய் சொன்னது உன் தப்பு. சுவிட்ச மாத்தாதது உன் தப்பு. முதல்ல என்னோடதச் சொல்லுவேன், அடுத்து உன்னோடதச் சொல்லுவேன். ஒண்ணையும் விட மாட்டேன்."

கவுன்சிலர் அம்மா பழக்க தோஷத்தில், எப்படிப் பார்த்தாலும் உங்க தப்பு என்று ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஐந்து வாரத்தில் அவர் செய்த உருப்படியான வைத்தியம் அந்த நிறுத்தம்தான்.

அண்ணன் எழுந்து போனான். பாப்பா என்று திரும்பிக் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வார்டின் போன் பெரிய சிஸ்டரின் மேஜையில் இருந்தது. ஒருவருக்கு ஐந்து நிமிஷம். மீசைக்காரர் வீட்டு எண் அவளுக்கு மனப்பாடம். அவர் போனில் சார்ஜ் நிற்காத நாட்களில் அதில்தான் கூப்பிடுவாள். அதிகாரி நாளைக் காலை வருவார் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது, ஃபைல் மூடாது. அதிகாரி மூலமாகவே அவர்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும், நீங்க இப்ப சிரமப்பட வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார். அவள் கேட்கவில்லை. எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

மீசைக்காரரின் மனைவிதான் எடுத்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"அக்கா, நீங்களா? உடம்பு எப்படிக்கா இருக்கு? ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. அவர் போன துக்கத்துலதான் உங்களுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு சொன்னாரு. வந்து பாக்கணும்னுதான் இருந்தேன், எங்க வெளிய வர முடியுது. நல்லாச் சாப்பிடறீங்களா?"

லிஃப்ட்டக்காவுக்கு இந்தக் கனிவைக் கேட்பதற்குப் பதிலாக அந்தக் குழிக்குள் தானே கிடந்திருக்கலாம் என்று இருந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தாள், அது எல்லாம் சரிந்துபோயிற்று. மிச்சம் இருந்ததைச் சொன்னாள்.

"அவர் பூட்டு போட்டிருந்தாரும்மா. மறக்கல. பூப்போட்ட பூட்டு. நான்தான் அறுத்தேன். அவர் வெளிய வந்துட்டார்னு எங்கண்ணன் சொன்னத நம்பி, கீழ போய்ப் பாக்காம அறுத்தேன். நாளைக்கு எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம். சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்காத மாதிரி பதிவேட்டைத் திறந்துகொண்டார்.

"என் பொண்ணு தினம் கேக்கறா" என்றது குரல். அதில் இப்போது அக்கா இல்லை. "நான் வரைஞ்சு குடுத்த பூட்ட அப்பா ஏம்மா மாட்டலன்னு கேக்கறா. நானும் அவரத்தான் திட்டறேன். செத்த மனுஷன தினம் திட்டறேன், படத்த வச்சுக்கிட்டு." பிறகு கேட்டது, "இத்தனை நாளா எங்கடி இருந்தே?"

பதில் ரெடியாக இருந்தது. வார்டு, மாத்திரை, பட்டியல், நம்பாத டாக்டர், ஐந்து வாரம். அத்தனையும் உண்மை, அத்தனையையும் சொல்லலாம், யாரும் குறை சொல்ல முடியாது.

"ஒம்பது நாள் நல்லாத்தான் இருந்தேன்" என்றாள். "வீட்டுல இருந்தேன். பயந்துக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் இருந்து வசவு வர ஆரம்பித்தது. முதலில் தடுமாறி, பிறகு தடையில்லாமல், இத்தனை நாளைக்கும் சேர்த்து வந்தது. லிஃப்ட்டக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். ஐந்து நிமிஷம் முடிந்தது, பத்து நிமிஷமும் முடிந்தது. அடுத்துப் பேச நின்ற கண்டக்டரைப் பெரிய சிஸ்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.